ஃபேனுக்கும் வயசாகுதுங்க!

சித்திரை பிறந்தால் அம்மாவிடமிருந்து இந்த போன் வந்துவிடும். “ஃபேன் சுத்துதா, சும்மா அசையுதான்னே தெரியல கண்ணு. அஞ்சுல வெச்சும் காத்தே வரல.”

அம்மா இருப்பது நாமக்கல்லில், மொட்டை மாடிக்கு நேர் கீழே உள்ள அறையில். அதே நாளில் வாங்கிய அதே மாதிரி ஃபேன் இன்னொன்று, கொல்லிமலையில் குண்டனி நாட்டில் இருக்கும் அக்கா வீட்டில் தொங்குகிறது. 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி மேலே போன அந்த ஃபேன் இன்னும் புதுசு மாதிரி சுற்றுகிறது. “மலைக் காத்துல ஃபேனுக்குக்கூட வயசாகாது” என்று அக்காவுக்குப் பெருமை.

அக்கா சொன்னதில் பாதி உண்மை.

ஃபேனுக்குள் விரல் அளவில் ஒரு சின்ன டப்பா இருக்கும். எலெக்ட்ரீஷியன்கள் ‘கண்டென்சர்’ என்பார்கள். கெபாசிட்டர் என்றாலும் அதுதான். வீட்டுக்கு வரும் சிங்கிள் ஃபேஸ் கரன்ட் தனியாக ஃபேனைக் கிளப்பிவிடாது. இரண்டாவது காயிலுக்குப் போகும் கரன்ட்டைச் சற்று முன்னே தள்ளி, சுழற்சியை உண்டாக்குவது இந்த டப்பாதான்.

உள்ளே இருப்பது பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக் படலம். பிளாஸ்டிக் சாக்கு நெய்வதும் இந்த வகை பிளாஸ்டிக்கில்தான். ஆனால் இங்கே தடிமன் சில மைக்ரான்தான். தலைமுடியில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. அதன்மேல் அலுமினியமோ துத்தநாகமோ மெலிதாகப் பூசி, பாய் மாதிரி இறுக்கிச் சுருட்டியிருப்பார்கள்.

அந்த மெல்லிய படலம்தான் இரவும் பகலும் மின்சாரத்தைத் தடுத்து நிற்கிறது. சூடு ஏறினால் அதன் தாங்கும் சக்தி குறையும். வருஷக்கணக்கில் சூட்டிலேயே கிடந்தால் பிளாஸ்டிக்கும் நைந்துபோகும். பலவீனமான ஓரிடத்தில் மின்சாரம் துளைத்துக்கொண்டு பாயும். அப்போது துளையைச் சுற்றியுள்ள உலோகப் பூச்சு ஆவியாகிப் போய்விடும். அதனால் ஷார்ட் ஆகாமல் டப்பா பிழைத்துக்கொள்ளும். தன் புண்ணைத் தானே ஆற்றிக்கொள்வது மாதிரிதான். ஆனால் ஒவ்வொரு புண்ணுக்கும் கொஞ்சம் பூச்சு போகிறது. 2.5 மைக்ரோஃபாரட் இருந்தது மெல்ல மெல்ல 2 ஆகும், ஃபேனும் தளர்ந்துபோகும்.

சூடு 10 டிகிரி கூடினால் இப்படிப்பட்ட பொருளின் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்களின் தோராயக் கணக்கு. ஆயிரம் மீட்டர் மேலே போனால் காற்று சுமார் 6 டிகிரி குளிரும். அப்படியானால் மலையில் கண்டென்சருக்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு ஆயுள். அதோடு, அக்கா வீட்டில் ஃபேன் ஓடும் நேரமும் குறைவு. அம்மா வீட்டிலோ நாளெல்லாம் ஓட்டம். வெயிலில் காய்ந்த கான்கிரீட்டின் சூடு வேறு மேலிருந்து இறங்குகிறது.

மீதிப் பாதி? மலையின் பனியும் ஈரமும் டப்பாவுக்குள் புகுந்தால் உலோகப் பூச்சை அரித்துவிடும். அதனால் அக்கா ரொம்பவும் பெருமைப்பட வேண்டாம்!

உங்கள் வீட்டு ஃபேனும் தளர்ந்துவிட்டதா? ஸ்விட்சை அணைத்துவிட்டு இறக்கையைக் கையால் தள்ளிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் பேரிங் கோளாறாக இருக்கலாம். லேசாகச் சுற்றியும், கரன்ட் விட்டால் மெதுவாகவே ஓடுகிறது, அல்லது ‘உம்ம்’ என்று முனகிக்கொண்டு நிற்கிறது என்றால் முதல் சந்தேகம் கண்டென்சர் மேல்தான். பெரும்பாலும் சின்னச் செலவில் முடிகிற வேலை. அதற்குள் புது ஃபேனுக்குக் கிளம்பிவிடாதீர்கள். (பி.எல்.டி.சி. ஃபேனுக்கு இது பொருந்தாது.)

இரண்டு எச்சரிக்கை. மெயினை அணைத்த பிறகும் கண்டென்சரில் கரன்ட் தேங்கியிருக்கலாம். எலெக்ட்ரீஷியனை வைத்தே மாற்றுங்கள். பழையதில் எழுதியுள்ள அதே மைக்ரோஃபாரட், அதே வோல்ட் அளவில் வாங்குங்கள். வேகம் கூடட்டும் என்று பெரிதாகப் போட்டால் காயில் சூடாகிக் கருகிவிடும்.

அம்மா வீட்டில் கண்டென்சர் மாற்றி, மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பும் அடித்தாயிற்று. மறுநாள் போன் வந்தது.

“ராத்திரியெல்லாம் போர்வையே நிக்கல கண்ணு. மூணுலதான் வெச்சிருக்கேன்.”