பாட்டன் எங்கே பிறந்தான்?

மூத்த பத்திரிகையாளர் வட்டம் ஒன்றைப் பற்றிய கட்டுரையை அண்மையில் ஒரு சஞ்சிகையில் வாசித்தோம். முப்பது, நாற்பது வருடம் பேனா பிடித்தவர்கள் மாதமொருமுறை கூடிப் பழைய ஆசிரியபீடங்களை அசைபோடுகிறார்களாம். நல்ல காரியம், நடக்கட்டும். கட்டுரையின் கடைசிப் பத்திதான் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. புதியவர்களும் சேரலாமாம். அதற்கு இரண்டு மூத்த அங்கத்தவர்களின் பரிந்துரைக் கடிதமும் ஆசிரியபீட நியமனக் கடிதத்தின் பிரதியும் வேண்டுமாம். சேர்ந்த பிறகும் சில காலம் வாக்குரிமை கிடையாது, கேட்டுக்கொண்டு இருக்கலாம். தோட்டத்துப் பெரட்டுக்களத்துக்கு வா, அரைநாள் கூலிக்கு அரைப்பேர் போடுகிறோம் என்பதுபோல.

குருவிட்டவில் தோட்டமொன்றின் லயத்திலிருந்து கொழும்புக்குச் செய்தி எழுதும் தங்கை ஒருவர் இந்த வட்டத்தில் சேர ஆசைப்பட்டார். நியமனக் கடிதத்துக்கு அவர் எங்கே போவார்? பிரசுரமான செய்திக்கு மட்டும் காசு வாங்கும் பிரதேச நிருபர் அவர். மூத்தவர் ஒருவரோடு அவருக்குள்ள அறிமுகமும் ஒரு வெள்ளக் காலத்தோடு சரி. குரு கங்கை பெருகியபோது கொழும்பிலிருந்து வாகனம் வந்தது. எந்தக் காம்பிராவின் சுவர் விழுந்தது, எந்த வீட்டில் பிள்ளை பெற்ற பச்சை உடம்புக்காரி இருக்கிறாள், எந்தப் பாலத்தடியில் வாகனத்தை நிறுத்தலாம் என்றெல்லாம் முழங்கால் நீரில் நின்று காட்டியவர் இவர். மறுநாள் பெயர் வந்தது வாகனத்தில் வந்தவருக்கு.

இரண்டு கடிதம் என்பதைச் சின்ன விஷயம் என்று தள்ள எங்களால் முடியவில்லை. மிகைப்படுத்துகிறோம் என்பவர்கள் 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தை ஒருமுறை எடுத்துப் பார்க்கட்டும். இந்த மண்ணில் பிறந்தால் மட்டும் போதாது, தகப்பன் இங்கே பிறந்திருக்க வேண்டும். அது இல்லையென்றால் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது அது. பிறப்புப் பதிவையே காணாத லயத்து மனிதனிடம் பாட்டனின் பதிவைக் கேட்டார்கள். வம்சாவளி காட்டினால்தான் ஆள் என்ற அந்த நியாயத்தை எதிர்த்துத் தலையங்கம் தலையங்கமாக எழுதிய மரபு, இன்று தன் வாசலில் அதே கேள்வியை எழுதித் தொங்கவிட்டிருக்கிறது. உன் பாட்டன் எந்த ஆசிரியபீடத்தில் பிறந்தான்?

சரி, அவர்களுடைய பாட்டனையே பார்ப்போம். கோ. நடேசய்யர் யாருடைய கடிதத்தோடு கொழும்பில் இறங்கினார்? தஞ்சாவூர்க்காரர். எண்ணெய் எஞ்சின்களைப் பற்றியும் காப்புறுதியைப் பற்றியும் கைநூல் எழுதியவர். இன்றைய அளவுகோலில் அவரைப் 'பொருத்தமற்ற முன்னனுபவம்' என்று கழித்திருப்பார்கள். வந்தவர் தேசநேசன் பத்திரிகையில் எழுதினார், 1924இல் தேசபக்தனைத் தொடங்கினார், 1931இல் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் கட்டினார், 1936இல் அட்டன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குப் போனார். அந்நியர் நுழையக்கூடாது என்ற தோட்டங்களுக்குள் புடைவை வியாபாரியாக மூட்டை தூக்கிக்கொண்டு போய், லயத்தைக் கண்ணால் பார்த்து எழுதினார் என்பார்கள். நியமனக் கடிதம் கேட்டிருந்தால் அவரிடம் இருந்தது அந்தப் புடைவை மூட்டைதான்.

அவர் எழுதிய துப்பறியும் கதையொன்றுக்கு 'மூலையில் குந்திய முதியோன்' என்று பெயர். வட்டத்தார் இன்னும் பெயர் வைக்கவில்லையென்றால் இரவல் வாங்கிக்கொள்ளலாம்.

மீனாட்சி அம்மாளைப் பற்றி எத்தனை முறை எழுதினாலும் எங்களுக்கு அலுப்பதில்லை. கணவர் நடேசய்யரோடு பத்திரிகை வேலையைச் சுமந்தவர். தோட்ட மக்களுக்காகப் பாட்டெழுதி, அதைச் சிறுநூலாக அச்சிட்டுக் கொண்டுபோனவர். கூட்டத்தில் தானே பாடியவர். பேப்பர் வாசிக்கத் தெரியாத சனத்துக்குச் செய்தியைக் காதில் போட அவர் கண்ட வழி அது. பெண் பத்திரிகையாளர் வரலாறு என்று பக்கம் பக்கமாக எழுதுகிறவர்கள் அவரை மனைவி என்ற இரண்டு வரியில் தாண்டிவிடுகிறார்கள். அவருக்கு யார் பரிந்துரை எழுதியிருப்பார்கள்? வீட்டுக்காரரா?

இன்னொன்றும் உண்டு. எஸ்.எம். கார்மேகம் ஒரு நாளேட்டின் மூலையில் தோட்ட மஞ்சரியை நடத்தியபோது, எழுதத் தொடங்கும் கைகளுக்கு அந்தப் பக்கம் இடம் விட்டது. போட்டி வைத்தார்கள், பரிசு பெற்ற கதைகள் 1971இல் 'கதைக்கனிகள்' என்று நூலாயின. மூத்தவர் ஒருவர் செய்யக்கூடிய வேலை அது: ஒரு பக்கத்தைத் திறந்து வைப்பது. இன்றைய மூத்தவர்கள் கதவைத் திறக்கிறார்கள், பிறகு அதில் ஆளை நிறுத்துகிறார்கள்.

ஆனால் தோட்ட மஞ்சரியின் பெருமை பேசும்போதே எங்களுக்கு உறுத்தல் ஒன்றும் உண்டு. மலையகம் என்றால் கொழுந்துக் கூடை, மூடுபனி, அட்டன். அந்தச் சித்திரத்துக்குள் குருவிட்ட எங்கே இருக்கிறது? இங்கே இறப்பர். விடியற்காலை மழை பெய்தால் பால்வெட்டு இல்லை, பேர் இல்லை, அடுப்பும் இல்லை. கேகாலையிலும் இரத்தினபுரியிலும் லயங்கள் சிங்களக் கிராமங்களுக்கும் மாணிக்கக் குழிகளுக்கும் இடையில் சிதறிக் கிடக்கின்றன. பொலிஸுக்குப் போனால் சிங்களம், கந்தோருக்குப் போனால் சிங்களப் படிவம். கொழும்பு எங்களைத் தோட்டம் என்று ஒதுக்க, அட்டனோ எங்களைக் கீழ்நாடு என்று மறக்கிறது. இலக்கியத்தில் முற்போக்காரும் நற்போக்காரும் மண்வாசனை பற்றி மல்லுக்கட்டிய காலத்திலும் அந்த மண்ணுக்குள் சப்ரகமுவ சேர்ந்ததில்லை.

2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவில் மலை சரிந்ததை நாடே பார்த்தது. அதே நாளில் புளத்கொஹுபிட்டிய களுபான தோட்டத்தில் லயத்தின் மீது மண் விழுந்தது. கொழும்புக் கமராக்களில் எத்தனை அங்கே போயின? பழைய கணக்கும் இருக்கிறது. 1977 இன வன்முறையில் அடிபட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் மூட்டை கட்டியவர்கள் போக, மிஞ்சியவர்களை 1981 ஓகஸ்டு வன்முறை பிடித்துக்கொண்டது. இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பக்கத்து லயங்களில் அந்த மாதம் நடந்ததைத் தமிழில் நின்று நிதானமாக எழுதிய ஒரு நீண்ட கட்டுரையை நாங்கள் தேடிக்கொண்டிருக்கிறோம். நாற்பது வருட அனுபவம் பேசுகிறவர்கள் அன்று பேனாவோடுதான் இருந்தார்கள். அவர்களில் யாராவது காவத்தைக்கு பஸ் ஏறியிருந்தால் அந்தப் பிரதியை எங்களுக்கு அனுப்பட்டும், அட்டையிலேயே போடுகிறோம்.

இல்லையென்றால், அன்று பள்ளிப் பிள்ளையாகக் காட்டில் ஒளிந்திருந்தவர்கள் இன்னும் லயங்களில் இருக்கிறார்கள். அடுத்த இரண்டு இதழ்களை அவர்களுக்கு ஒதுக்கியிருக்கிறோம். கொப்பித் தாளில் எழுதினாலும் சரி, ஆளைக் கொண்டு சொல்லி எழுதினாலும் சரி. ஊர், தோட்டம், டிவிஷன், நினைவிருந்தால் திகதி. ஒரு பிரதியை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். மாரிக் காலத்தில் தபால் நனைந்து வருகிறது.