பேசினால் போதும் என்கிறார்கள்

“கை வராவிட்டால் என்ன? போனில் பேசினால் அதுவே எழுதிவிடுமே!” இலங்கையின் ஊவா மாகாணத் தேயிலைத் தோட்டப் பகுதிகளில் உடல் இயக்கக் குறைபாடுள்ள பிள்ளைகளுக்குக் கணினி வசதி கேட்டால் முதலில் வரும் பதில் இதுதான். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் சரியில்லை.

கூகுளின் குரல்வழித் தட்டச்சில் தமிழ் சேர்ந்தது 2017இல். விபத்தில் கை செயலிழந்து, குரல் தெளிவாக இருப்பவருக்கு அது பெரிய துணை. மூளை முடக்குவாதம் உள்ள பலரின் நிலை வேறு. விரலை இறுக்கும் அதே பாதிப்பு நாக்கையும் உதட்டையும் இறுக்குகிறது. அம்மாவுக்கு விளங்கும் பேச்சு போனுக்கு விளங்குவதில்லை. குரல் தெளிவாக இருந்தாலும், தோட்டத்து வரிசை வீடான லயத்தில் எங்கே போய்ப் பேசுவது? ஒரே சுவரின் இரு பக்கமும் இரண்டு குடும்பங்கள். தகரத்தில் மழை கொட்டினால் பக்கத்தில் இருப்பவர் பேச்சே கேட்காது. சம்பளப் பிடித்தம் பற்றிய முறைப்பாட்டையும் தோழிக்கு எழுதும் கடிதத்தையும் உரக்கச் சொல்லித்தான் எழுத வேண்டும் என்றால், அந்தப் பிள்ளை பலவற்றை எழுதாமலே விட்டுவிடும்.

அடுத்தது, செலவு. இயற்பியலாளர் ஸ்டீபன் ஹாக்கிங்கின் நாற்காலியை மனதில் வைத்துக்கொண்டு ‘லட்சக்கணக்கில் வேண்டும்’ என்கிறார்கள். அவருக்காக இன்டெல் உருவாக்கிய மென்பொருளே 2015இல் இலவசமாக வெளியிடப்பட்டுவிட்டது. விண்டோஸின் திரை விசைப்பலகையில் வருடல் முறை ஏற்கெனவே இருக்கிறது: விசைகள் கூட்டம் கூட்டமாக ஒளிர்ந்துகொண்டே போகும், வேண்டியது ஒளிரும்போது ஒரு சொடுக்கு. அந்தச் சொடுக்குக்குப் பழைய மவுஸ் ஒன்று போதும். அதைப் பிரித்து, இடது பொத்தானின் இரு முனைகளிலிருந்து வயர் இழுத்து, உள்ளங்கை அகலப் பொத்தானில் பற்றவைத்தால் முழங்கையாலும் அழுத்தலாம். எழுத்து மெதுவாகத்தான் வரும். ஆனாலும் வரும்.

எனக்கு மிகவும் கவலை தருவது, பணமே தேவைப்படாத ஒரு விஷயத்தில் நாம் காட்டும் அசட்டை. இலங்கையில் இன்னும் பரவலாகப் புழங்கும் பாமினி விசைப்பலகை முறையில் ‘குடும்பம்’ என்று எழுதிப் பாருங்கள். ‘கு’வுக்கும் ‘டு’வுக்கும் ஷிப்டைப் பிடித்துக்கொண்டு இன்னொரு விசையைத் தட்ட வேண்டும். ஒரு விரலால் எழுதுபவர் அங்கேயே நின்றுவிடுவார். 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் அதே சொல்லுக்கு ஷிப்டே வேண்டாம். ‘ம்ப’வில் வரும் புள்ளியும் தானாக விழும். எழுத்துகளில் கிரந்தத்துக்கும் ஆய்தத்துக்கும் மட்டுமே ஷிப்ட். அதற்கும் விண்டோஸ் 95 காலத்திலிருந்தே ஸ்டிக்கி கீஸ் உண்டு: ஷிப்டை ஐந்து முறை தட்டி இயக்கிவிட்டால், சேர்த்து அழுத்த வேண்டியவற்றை ஒவ்வொன்றாக அழுத்தலாம்.

‘சொல்லச் சொல்ல எழுத ஓர் ஆள் போதாதா?’ என்றும் கேட்கிறார்கள். பரீட்சை மண்டபத்தில் அந்த ஏற்பாடு தேவைதான். வாழ்நாள் முழுவதும் இன்னொருவர் கையை நம்பியிருக்கச் சொல்வது நியாயமில்லை. மூளை முடக்குவாதத்தோடு வாழும் மும்பையின் மாலினி சிப் தன் வாழ்க்கைக் கதையை ஒற்றைச் சுண்டுவிரலால் தட்டியே நூலாக்கினார்.

‘தோட்டத்தில் இப்படி எத்தனை பேர்?’ என்பது கடைசிக் கேள்வி. அம்மா கொழுந்து பறிக்கப் போக, செங்குத்தான படியில் இறங்க முடியாமல் பாட்டியோடு லயத்தில் இருக்கும் பிள்ளை பாடசாலை இடாப்பில் எப்படித் தெரியும்? மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் நமக்கு உண்டு. தகவல் தொழினுட்பத்தை அவர்களும் அணுக வழிசெய்யச் சொல்லும் ஐ.நா. சமவாயத்தை 2016இல் இலங்கை உறுதிப்படுத்தியது. அந்தச் சமவாயம் தலைகளை எண்ணிவிட்டு உரிமை தரச் சொல்லவில்லை.

பதுளை பசறை வீதியில் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் இருக்கிறது. மெதுவாக வரும் எழுத்தை வேகப்படுத்த, ‘தோட்டம்’ என்பதோடு நிற்காமல் ‘தோட்டத்திலிருந்து’ என்பதையும் ஊகித்துத் தரும் தமிழ் விசைப்பலகையை அங்கே கணினி படிக்கும் மாணவர்களால் செய்ய முடியும். அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். பாடசாலைகளில் உள்ள கணினிகளில் தமிழ்99ஐயும் ஸ்டிக்கி கீஸையும் இயக்கிவைக்க ஓர் ஆசிரியருக்கு ஒரு பிற்பகல் போதும்.