ஊசிக்கு முன்னால் கல்ச்சர்

“டைபாய்டு லேசா இருக்குன்னு ரிப்போர்ட் வந்திருக்கு.” மழைக்காலம் தொடங்கிவிட்டால் தமிழ்நாட்டின் எந்த ஊர் மருந்துக்கடை வாசலிலும் காதில் விழும் பேச்சு இது. கையிலிருக்கும் லேப் சீட்டில் ‘விடால்’ என்ற தலைப்பின் கீழ் 1:80, 1:160 என்று சில எண்கள். அந்த எண்களை நம்பி ஐந்து நாள் ஊசி, ஒரு வாரம் மாத்திரை. காய்ச்சல் விட்டால் டைபாய்டு குணமானதாகக் கணக்கு. விடாவிட்டால் ஊசியை மாற்றுவார்கள், அல்லது பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார்கள். ஆனால் டைபாய்டு ‘லேசாக’ இருக்க முடியாது. சால்மோனெல்லா டைஃபி என்ற பாக்டீரியா உடம்புக்குள் புகுந்து நோயை உண்டாக்கியிருக்க வேண்டும், அல்லது காய்ச்சலுக்குக் காரணம் வேறாக இருக்க வேண்டும். எது என்று பார்க்க வழி இருந்தும் பார்ப்பதில்லை என்பதுதான் நம் குற்றச்சாட்டு.

விடால் பரிசோதனை 1896-ல் பாரிஸில் ஃபெர்னான் விடால் என்ற மருத்துவர் அறிமுகப்படுத்தியது. அது பாக்டீரியாவைத் தேடுவதில்லை. பாக்டீரியாவை எதிர்க்க உடம்பு சுரந்த எதிர்ப்புப் புரதங்கள் ரத்தத்தில் இருக்கின்றனவா என்று பார்க்கிறது. போன வருடம் வந்த டைபாய்டின் மிச்சமும் அதில் தெரியும், போட்டுக்கொண்ட தடுப்பூசியும் தெரியும். மலேரியா போன்ற வேறு காய்ச்சல்கூட அந்த எண்ணை ஏற்றிக் காட்டலாம். டைபாய்டு அடிக்கடி வந்துபோகும் ஊர்களில் ஆரோக்கியமாக நடமாடுபவர்களிடமும் 1:80 தென்படும். முறைப்படி செய்வதென்றால் பத்துப் பதினான்கு நாள் இடைவெளியில் இரண்டாம் முறை ரத்தம் எடுத்து, எண் நான்கு மடங்கு உயர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்த இரண்டாவது ரத்தத்தை யார் எடுக்கிறார்கள்? ஒற்றை விடாலை வைத்து முடிவுக்கு வரக் கூடாது என்று மருத்துவ மாணவர்கள் படிக்கும் பாடப்புத்தகமே சொல்கிறது. அப்படியும் இந்தப் பரிசோதனை செல்வாக்குடன் இருப்பதற்குக் காரணங்கள் எளியவை. விலை குறைவு, சிறிது நேரத்தில் முடிவு கிடைக்கும், நோயாளியின் வீட்டாருக்குச் சொல்ல ஒரு பெயரும் கிடைத்துவிடும்.

பாக்டீரியாவையே வளர்த்துப் பார்க்கும் ரத்தக் கல்ச்சர் அப்படிச் சட்டென்று முடிகிற காரியமல்ல. கையைக் கிருமிநாசினியால் துடைத்து, அது காயும்வரை பொறுத்து, பெரியவர்களுக்குப் புட்டிக்கு 8 முதல் 10 மில்லி வரை ரத்தம் எடுக்க வேண்டும்; முடிந்தால் இரண்டு கைகளிலிருந்தும். புட்டியில் இருக்கும் சத்துக்குழம்பில், உடம்புச் சூட்டுக்கு ஒத்த வெப்பத்தில், இருக்கிற ஓரிரு பாக்டீரியாக்கள் பெருகும். வளர்ச்சி தெரிந்ததும் ஒரு துளியைக் கண்ணாடிச் சில்லில் தடவிச் சாயம் ஏற்றுவார்கள். 1884-ல் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் வெளியிட்ட முறைதான் இதற்கு இன்னும் அடிப்படை: ஊதாச் சாயம், அயோடின், ஆல்கஹால், பிறகு சிவப்புச் சாயம். ஊதா தங்கினால் ஒரு இனம், கழுவிப்போய்ச் சிவப்பு ஏறினால் இன்னொரு இனம். இந்த ஒரு தகவலே வார்டில் நிற்கும் மருத்துவருக்குப் பாதி வழி காட்டிவிடும். அடுத்து ரத்த அகார், மெக்கான்கி அகார் தட்டுகள். மறுநாள் காலையில் மெக்கான்கி தட்டில் ஈ. கோலை இளஞ்சிவப்பாகத் திரண்டிருக்கும். டைபாய்டு பாக்டீரியா நிறமில்லாமல் வெளிறிக் கிடக்கும். கடைசியாக சென்சிட்டிவிட்டி: தட்டு முழுக்கப் பாக்டீரியாவைப் பூசி, மருந்து தோய்ந்த சிறு வில்லைகளை வைத்து, எந்த வில்லையைச் சுற்றி எத்தனை மில்லிமீட்டருக்கு வளர்ச்சி இல்லை என்று அளப்பார்கள். மொத்தம் இரண்டு, மூன்று நாள் வேலை.

அத்தனை நாள் மருத்துவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியுமா என்று கேட்பார்கள். உட்காரச் சொல்லவில்லை. கல்ச்சருக்கு ரத்தத்தை எடுத்த கையோடு ஊசியைப் போடட்டும். மூன்றாம் நாள் முடிவு வந்ததும் மருந்தை மாற்றவோ குறைக்கவோ நிறுத்தவோ செய்யட்டும். நம் ஊரில் நடப்பது இதற்குத் தலைகீழ். பக்கத்துக் கிளினிக்கில் இரண்டு ஊசி, மருந்துக்கடையில் நான்கு மாத்திரை, எதற்கும் அடங்காமல் போன பிறகுதான் கல்ச்சர் நினைவுக்கு வருகிறது. பாதி அடிபட்ட பாக்டீரியா புட்டியில் வளராது. ‘வளர்ச்சி இல்லை’ என்று அறிக்கை வரும். “கல்ச்சர் அனுப்பி என்ன பிரயோசனம்” என்று மருத்துவர் அலுத்துக்கொண்டு அடுத்த நோயாளிக்கு அனுப்பாமலே விடுவார். முறையாகச் செய்தாலும் உண்மையான டைபாய்டு நோயாளிகள் நூறு பேரில் ஏறத்தாழ அறுபது பேரைத்தான் ரத்தக் கல்ச்சர் பிடிக்கும். ஆனால் பிடித்த அறுபதில் சந்தேகத்துக்கு இடமில்லை. எந்த மருந்துக்கு அது அடங்கும் என்பதும் கூடவே தெரிந்துவிடும். விடால் அதைச் சொல்லவே சொல்லாது.

பெயர் தெரிவதால் என்ன மாறிவிடும் என்பதற்கு மெலியாய்டோசிஸ் ஒன்றே போதும். 1911-ல் ரங்கூனில் ஆல்ஃபிரட் விட்மோரும் அவருடைய உதவியாளர் சி. எஸ். கிருஷ்ணசாமியும் பிணப் பரிசோதனைகளின்போது கண்டுபிடித்த நோய் இது. பர்கோல்டேரியா சூடோமல்லை என்ற அந்தப் பாக்டீரியா ஈர மண்ணிலும் வயல் சேற்றிலும் வாழ்கிறது. சர்க்கரை நோயாளிகளைத்தான் அதிகம் பிடிக்கிறது. நுரையீரலில் நிமோனியா, ஈரலிலும் மண்ணீரலிலும் சீழ்க்கட்டி, மூட்டில் வீக்கம் என்று பல வேடங்களில் வரும். காசநோய் என்று நினைத்து மாதக்கணக்கில் காசநோய் மாத்திரை கொடுக்கப்பட்டவர்கள் உண்டு. கொடுமை என்னவென்றால், இது சாதாரணத் தட்டிலேயே வளரும் பாக்டீரியா. வளர்ந்தும், பழக்கமில்லாத கண்ணுக்கு அது வெறும் சூடோமோனாஸாகவோ வெளியிலிருந்து கலந்த அழுக்காகவோ தெரிகிறது. தட்டு குப்பைக்குப் போகிறது. கிராம் சாயத்தில் இரு முனைகளும் அடர்ந்து நடு வெளிறித் தெரிவதையும், ஓரிரண்டு நாள் கூடுதலாக வைத்தால் தட்டில் உலர்ந்து சுருக்கம் விழுவதையும், ஜென்டாமைசின், கோலிஸ்டின் வில்லைகள் இரண்டுக்கும் அது அசையாததையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்த ஒருவர் ஆய்வகத்தில் இருந்தால் போதும், சந்தேகம் எழுந்துவிடும். சந்தேகம் எழுந்தால் சிகிச்சையே வேறு: குறைந்தது 10 முதல் 14 நாள் செஃப்டாசிடைம் அல்லது மெரோபெனெம் ஊசி, அதன் பின் மூன்று மாதம் கோட்ரைமாக்சசோல் மாத்திரை. ஐந்து நாள் ஊசியோடு அனுப்பப்பட்டவர் திரும்பி வரும்போது பெரும்பாலும் நிலைமை கைமீறியிருக்கும். நெல் வயலும் சர்க்கரை நோயும் ஒருசேர உள்ள மாநிலம் நம்முடையது. மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுபோகும் அரசு, அதே நோயாளிக்குக் காய்ச்சல் வந்தால் என்ன பாக்டீரியா என்று சொல்ல ஆள் வைக்கவில்லையென்றால் எப்படி?

கல்ச்சருக்குச் சிக்காத பாக்டீரியாவும் உண்டு. உண்ணிக் காய்ச்சல் என்று நாம் சொல்லும் ஸ்க்ரப் டைபஸை உண்டாக்கும் ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே வளரும். எந்த அகார் தட்டிலும் முளைக்காது. அக்குளிலோ தொடை இடுக்கிலோ சிகரெட்டால் சுட்டது போன்ற கருகிய புண்ணைத் தேடிப் பார்க்கும் மருத்துவரும், ஐஜிஎம் எலைசா செய்யும் ஆய்வகமும் அதற்கு வேண்டும். டைபாய்டு என்று நினைத்துப் போடும் செஃப்ட்ரியாக்சோன் இதில் வேலை செய்யாது. டாக்சிசைக்ளினோ அசித்ரோமைசினோ வேண்டும். கடுமையான நிலையில் இரண்டையும் சேர்த்து நரம்பு வழியாகக் கொடுப்பது ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட மேல் என்று வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி தலைமையில் நடந்த ஆய்வு 2023-ல் காட்டியது. உலகத்துக்கே வழிகாட்டும் ஆய்வு வேலூரில் நடக்கிறது. நாலு ஊர் தள்ளி அதே காய்ச்சலுக்கு விடால் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

தப்பான ஊசியால் வீணாவது நோயாளியின் காசும் நாளும் மட்டுமல்ல. 2019-ல் மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களே நேரடிக் காரணமாக உலகில் ஏறத்தாழ 12.7 லட்சம் பேர் இறந்ததாக லான்செட் இதழில் வந்த மதிப்பீடு சொல்கிறது. 2010-ல் என்.டி.எம்.-1 என்ற எதிர்ப்பு மரபணு பற்றிய கட்டுரை அதே லான்செட் குழும இதழில் வந்தபோது அதன் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. ஆராயப்பட்ட பாக்டீரியாக்களில் ஒரு பகுதி சென்னையில் கிடைத்தவை. பெயரில் புதுடெல்லி வந்துவிட்டதே என்று அப்போது நாடு போட்ட சண்டையில், பாக்டீரியாவைப் பற்றிய பேச்சு அடிபட்டுப் போனது. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்து ஹைதராபாத்தில் 2016 இறுதியில் வேறு மாதிரி நடந்தது. வழக்கமான எல்லா மருந்தையும் தாண்டி செஃப்ட்ரியாக்சோனுக்கும் அடங்காத டைபாய்டு அங்கே கிளம்பியது. ஆகா கான் பல்கலைக்கழக ஆய்வகத்துக்கு ரத்தக் கல்ச்சர்கள் வந்துகொண்டிருந்ததால்தான் அது தெரிந்தது. அசித்ரோமைசினும் கார்பபெனெம் வகையும் மட்டுமே மிச்சம் என்பதும் தெரிந்தது. விடால் மட்டும் பார்க்கும் ஊரில் அப்படி ஒரு டைபாய்டு கிளம்பியிருந்தால், ‘இந்த வருஷம் காய்ச்சல் கொஞ்சம் கடுமை’ என்ற பேச்சோடு முடிந்திருக்கும்.

மருந்துச் சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் விற்கும் கடைகள்மேல் பழி போடுவது வழக்கம். 2014 முதல் மருந்து விதிகளில் எச்1 அட்டவணை நடைமுறையில் இருக்கிறது. பதிவேடு வைக்க வேண்டும் என்று விதியும் இருக்கிறது. நடவடிக்கை எடுக்கட்டும், எதிர்க்கவில்லை. ஆனால் முறையாகச் சீட்டு எழுதும் மருத்துவரும் இருட்டில்தானே எழுதுகிறார்? கடைக்காரர் ஊகிக்கிறார், மருத்துவரும் ஊகிக்கிறார். ஊகத்துக்குச் சீட்டு இருந்தால் சரியாகிவிடுமா?

மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் பெரிய வட்ட மருத்துவமனைகளிலும் ரத்தக் கல்ச்சர் இரவு பகல் எந்நேரமும் எடுத்துக்கொள்ளப்பட வேண்டும் என்று அரசு ஆணையிட வேண்டும். ஒவ்வோர் ஊரிலும் புது ஆய்வகம் கட்டத் தேவையில்லை. அரசு மருத்துவக் கல்லூரிகள் எல்லாவற்றிலும் நுண்ணுயிரியல் துறை இருக்கிறது. பாடம் நடத்துவதோடு நிற்காமல் சுற்றுவட்டார மருத்துவமனைகளின் புட்டிகளையும் அது ஏற்றுக்கொள்ளலாம். காசநோய்த் திட்டத்தில் சளி மாதிரி ஊர் ஊராகச் சேகரிக்கப்பட்டு சிபிநாட் இயந்திரத்துக்குப் போகிறது; இரண்டு மணி நேரத்தில் காசநோயா, ரிஃபாம்பிசினுக்கு அடங்குமா என்று தெரிந்துவிடுகிறது. அந்த வண்டியில் ரத்தப் புட்டிக்கும் இடம் உண்டு. ஆனால் மாதிரி நேரத்தோடு போய்ச் சேர வேண்டும்; கல்ச்சருக்கு எடுத்த சிறுநீர் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் கிடந்தால் இல்லாத தொற்றும் இருப்பதாகத் தெரியும். போக்குவரத்துக்குப் பொறுப்பான ஆள் இல்லாத திட்டம் காகிதத்தில்தான் நடக்கும். நுண்ணுயிரியல் படித்த மருத்துவர் பணியிடங்களையும் ஆய்வக நுட்பநர் பணியிடங்களையும் நிரப்பாமல் இயந்திரம் மட்டும் வாங்கும் பழைய வழக்கம் இதில் வேண்டாம். மால்டி-டாஃப் என்ற கருவி சில நிமிடங்களில் பாக்டீரியாவின் பெயரைச் சொல்லிவிடும் என்பது உண்மை. ஆனால் அதற்கும் முதலில் தட்டில் பாக்டீரியா வளர்ந்தாக வேண்டும். செம்மறி ரத்தம் கிடைக்காமல் காலாவதியான மனித ரத்தத்தை அகாரில் கலக்கும் ஆய்வகம் எந்த விலைக்குக் கருவி வாங்கியும் பயனில்லை.

தனியார் பக்கத்திலும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997-லிருந்து இருக்கிறது. விதிகள் 2018-ல் வந்தன. ஒற்றை விடால் முடிவை வைத்து அறிக்கையில் ‘டைபாய்டு பாசிட்டிவ்’ என்று அச்சடிக்கக் கூடாது என்று அந்தச் சட்டத்தின் கீழ் ஒரு சுற்றறிக்கை போட எந்தச் செலவும் இல்லை. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் கடும் தொற்றுக்குச் செலவு கோரும் மருத்துவமனையிடம், ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் கல்ச்சர் எடுத்ததற்கான பதிவைக் கேட்கலாம். பணம் போகும் வழியில் ஒரு கேள்வி வைத்தால் பழக்கம் தானாக மாறும்.

ஒன்றை மட்டும் ஆணையிலேயே எழுதிவிட வேண்டும். புட்டியில் வளர்ச்சி தெரிந்ததும் ஆய்வகம் கிராம் சாய முடிவை வார்டு மருத்துவருக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். சொன்னவர் பெயரும் நேரமும் பதிவேட்டில் ஏற வேண்டும். டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்குப் போனவரின் கேஸ் ஷீட்டில் நான்காம் நாள் ஒட்டப்படும் அச்சறிக்கையை யாரும் படிப்பதில்லை.