ஊசி மருந்திலே பூஞ்சக்காளான்! இதுதான் சுதந்திர வியாபாரமா?

சர்க்கார் தலையிடாமல் விட்டுவிட்டால் போட்டியினாலேயே சரக்கு சுத்தமாகிவிடும் என்று ஓதுகிற பண்டிதர்கள் நம் நாட்டிலும் உண்டு. அவர்களுடைய புண்ணிய பூமியான அமெரிக்காவில் 2012-ல் நடந்ததைச் சௌகரியமாக மறந்துவிட்டார்கள்.

முதுகுவலிக்காரனை நினைத்துப் பாருங்கள். குனிந்தால் வலி, நிமிர்ந்தால் வலி, ராத்திரித் தூக்கமில்லை. தண்டுவடத்தருகே ஸ்டீராய்டு ஊசி போட்டால் வலி அடங்கும் என்கிறார் டாக்டர். குப்புறப் படுத்து முதுகைக் காட்டுகிறான். புட்டியில் என்ன இருக்கிறதென்று அவனுக்கு எப்படித் தெரியும்?

மாஸசூசெட்ஸ் மாநிலத்தில், பிரேமிங்ஹாம் ஊரில், நியூ இங்கிலாந்து காம்பவுண்டிங் சென்டர் என்றொரு கம்பெனி. ஒவ்வொரு நோயாளிக்கும் டாக்டர் எழுதும் சீட்டின்படி மருந்து கலந்து தருவதற்குத்தான் அதற்கு லைசென்சு. கம்பெனியோ மூட்டை மூட்டையாக உற்பத்தி செய்து தள்ளியது. சீட்டு வேண்டுமே? பிரபலங்களின் பெயர்களையும் கற்பனைப் பெயர்களையும் நோயாளிகளாக எழுதிக்கொண்டார்கள்! கிருமி நீக்கக் குறைந்தது 20 நிமிஷம் சூடேற்ற வேண்டும். அந்த நேரம்கூடக் கொடுக்கவில்லை. சோதனை முடிவு வருமுன்பே சரக்கு கிளம்பியது. பக்கத்திலே பழைய மெத்தைகளைப் பிரிக்கும் தொழிற்சாலை. அதுவும் முதலாளியின் உறவினருடையதே.

மூன்று தொகுதிகளாக 17,000-க்கும் அதிகமான புட்டிகள் 23 மாநிலங்களுக்குப் போயின. மருந்தோடு பூஞ்சக்காளானும் உடம்புக்குள் இறங்கி மூளைக்காய்ச்சலை உண்டாக்கியது. 2013-ல் வெளியான சர்க்கார் கணக்குப்படி 753 பேர் நோயுற்றார்கள். 64 பேர் மாண்டார்கள். முதுகுவலி என்று போனவர்கள்!

“ஒரு அயோக்கியன் செய்த காரியம், அமைப்பின்மீது பழி போடாதீர்கள்” என்பார்கள். அப்படியா? இதே கம்பெனிக்கு மத்திய மருந்து இலாகா 2006-லேயே எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியதே! பின்பு ஆறு வருஷம் கதவைத் திறந்து வைத்தது யார்? மாநிலத்தின் பொறுப்பு என்றது மத்திய இலாகா. மாநில அதிகாரிகளோ ஒப்பந்தம் எழுதி வாங்கிக்கொண்டு சும்மா இருந்தார்கள். முதலாளி பாரி கேடன் மீது 2017-ல் கொலைக்குற்றம் நிலைக்கவில்லை. மோசடிக்குத்தான் தண்டனை, 9 வருஷம். 2021-ல் அதை பதினாலரை வருஷமாக உயர்த்தினார்கள்.

இன்னொரு சங்கதி. தண்டுவடத்தைச் சுற்றிப் போடும் ஸ்டீராய்டு ஊசியைத் தாங்கள் அங்கீகரித்ததே இல்லை என்றும், அபூர்வமாகப் பார்வையிழப்பும் பக்கவாதமும் மரணமும்கூட நேரலாம் என்றும் அதே மருந்து இலாகா 2014-ல் அறிவித்தது. நல்ல சுத்தமான மருந்தைப் பற்றித்தான் இந்தப் பேச்சு! சிலருக்குச் சில வாரம் வலி குறைகிறது, மறுக்கவில்லை. ஆனால் இந்த விவரத்தை ஊசிக்கு முன் கேட்கும் உரிமை நோயாளிக்கு உண்டா, இல்லையா?

2013 நவம்பரில் புதுச் சட்டம் வந்தது. பெருவாரியாக மருந்து கலக்கும் கம்பெனிகள் மத்திய இலாகாவில் பதிவு செய்து அதன் சோதனைக்கு உட்படலாம். உட்பட வேண்டும் என்றல்ல, விருப்பமிருந்தால்! விருப்பமில்லாதவன் நோயாளிக்கு ஒரு சீட்டு வைத்திருந்தால் போதும். பொய்ப்பெயரில் எழுதினார்களே, அதே சீட்டு.