பள்ளிவாசல் நிரம்புகிறது! பக்கத்துப் பள்ளிக்கூடம்?



உங்கள் ஊர் ஜும்ஆப் பள்ளிக்குப் பக்கத்திலேயே ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி இருக்கும். நகரமாக இருந்தால் நகராட்சிப் பள்ளி. உங்கள் வாப்பா படித்தது அங்கேதான். நீங்கள் கடைசியாக அதன் வாசலை மிதித்தது எப்போது? ஓட்டுப் போடத்தானே?

சென்ற ஜூன் மாதம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்திற்குப் போனேன். ஐந்து வகுப்புகளுக்கும் சேர்த்து நாற்பது பிள்ளைகள் கூட இல்லை. டீக்கடையில் கிளாஸ் கழுவுபவரின் மகள், கணவனை இழந்து இட்லி சுட்டு விற்கும் பெண்ணின் இரண்டு பையன்கள், பின்னால் உள்ள காலனியிலிருந்து வரும் தலித் பிள்ளைகள், ஹோட்டலில் வேலை செய்யும் பீகார்க்காரரின் குழந்தைகள். நம் தெருக்களில் கடை வைத்திருப்பவர் வீட்டுப் பிள்ளை ஒன்று கூட இல்லை! அவர்களையெல்லாம் காலை எட்டு மணிக்கே மெட்ரிக் பள்ளி வேன் அள்ளிக்கொண்டு போய்விடுகிறது.

1985ல் நான் அங்கே முதல் வகுப்பில் சேர்ந்தபோது நிலைமை இப்படி இல்லை. ஜவுளிக்கடை முதலாளியின் மகனும், கறிக்கடையில் கூலிக்கு நின்றவரின் மகனும் என்னோடு ஒரே பலகையில் உட்கார்ந்தார்கள். அந்த முதலாளி மாதம் ஒருமுறை வந்து, "என்ன சார், பையனுக்கு வாய்ப்பாடு வரலையே?" என்று ஹெட்மாஸ்டரிடம் கேட்பார். அவர் கேட்டது தன் மகனுக்காகத்தான். ஆனால் மறுநாள் வகுப்பு முழுவதும் வாய்ப்பாடு சொன்னது! கூலிக்காரர் மகனுக்கும் கணக்கு வந்தது. இன்று கேட்க யார் இருக்கிறார்கள்? இட்லி விற்கும் அந்தச் சகோதரி கேட்டால் எந்த அதிகாரி காது கொடுப்பார்?

"ஹஜ்ரத், அங்கே படிப்பு சரியில்லை" என்கிறீர்கள். சரிதான், நானும் மறுக்கவில்லை. ஏன் சரியில்லை என்று யோசித்தீர்களா? 2009ல் வந்த கல்வி உரிமைச் சட்டத்தின்படி தொடக்கப் பள்ளியில் அறுபது பிள்ளைகள் வரை இரண்டே ஆசிரியர்கள். அறுபதைத் தாண்டினால் மூன்று, தொண்ணூறைத் தாண்டினால் நான்கு. நீங்கள் ஒவ்வொரு பிள்ளையாக எடுத்துக்கொண்டு போனபோது ஆசிரியர் பணியிடமும் ஒவ்வொன்றாகப் போனது. இப்போது ஐந்து வகுப்புக்கு இரண்டு டீச்சர். ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்திற்கோ போய்விட்டால் மற்றவர் ஐந்து வகுப்பையும் மேய்க்க வேண்டும். வியாபாரம் தெரிந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கடையிலிருந்து ஆளையும் சரக்கையும் எடுத்துவிட்டு, யாவாரம் இல்லை என்று கடை மேல் பழி போடலாமா?

சரி, பணம் கட்டும் இடத்திலாவது படிப்பு கொட்டிக் கிடக்கிறதா? 2022ல் கிராமப்புறங்களில் நடந்த அசர் ஆய்வில், தமிழகத்தின் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர் கூட இல்லை. கொரோனாவில் பள்ளிகள் பூட்டிக் கிடந்ததும் ஒரு காரணம். ஆனால் அந்தக் கணக்கில் தனியார் பள்ளிப் பிள்ளைகளும் அடக்கம் என்பதை மறந்துவிடாதீர்கள்! ஆங்கிலம் வேண்டும் என்கிறீர்கள். 2012-13 முதல் அரசுப் பள்ளிகளிலும் ஆங்கில வழி வகுப்புகள் தொடங்கப்பட்டன. ஒருவர் என்னிடம் உண்மையையே சொல்லிவிட்டார்: "அங்கே சேர்த்தால் நாளைக்குச் சம்பந்தம் பேச வருபவன் என்ன நினைப்பான்?" ஆறு வயதுப் பிள்ளைக்குச் சம்பந்தக் கவலை!

இன்னொருவர், "அங்கே காலைச் சாப்பாட்டுக்கு வரும் பிள்ளைகள்தானே" என்று உதட்டைப் பிதுக்கினார். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்திற்கும் வந்தது. ஆமாம், சாப்பிடத்தான் வருகிறார்கள். பசித்தவன் சாப்பிட்டால் அது இழிவா? நோன்புக் கஞ்சிக்கு வரிசையில் நிற்கும்போது நமக்கு இந்த எண்ணம் வருவதில்லையே!

நமது செல்வந்தர்கள் டிரஸ்ட் வைத்துப் பள்ளிகள் நடத்துகிறார்கள். அல்லாஹ் அதற்குரிய கூலியைத் தரட்டும். ஆனால் ஒன்று கேட்கிறேன். மற்ற தனியார் பள்ளிகள் நூற்றுக்கு 25 இடங்களை ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும். சிறுபான்மை நிறுவனங்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014ல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. நம் உரிமையைக் காக்க வந்த அந்தத் தீர்ப்பைக் காட்டி, நம் தெரு ஏழையின் பிள்ளையை நாமே வாசலில் நிறுத்தலாமா?

ஆலிம்களான எங்கள் மீதும் குற்றம் உண்டு. மதரஸாக்களைப் பற்றி மிம்பரில் எத்தனை பயான்கள் செய்திருக்கிறோம்! 2006ல் வந்த சச்சார் குழு அறிக்கை என்ன சொன்னது? படிக்கும் முஸ்லிம் பிள்ளைகளில் மதரஸாவில் இருப்பவர்கள் நூற்றுக்கு நான்கு பேர்தான். மூன்றில் இரண்டு பங்குப் பேர் அரசுப் பள்ளிகளில் இருந்தார்கள். 6 முதல் 14 வயதுக்குள் நான்கில் ஒரு பிள்ளை பள்ளியையே பார்க்காமலோ, பாதியில் நின்றோ போயிருந்தது. நான்கு பேருக்காகத் தொண்டை கிழியக் கத்திய நாங்கள் மற்றவர்களுக்காக ஒரு ஜும்ஆ கூடப் பேசவில்லை. சுபுஹுக்குப் பின் நடக்கும் மக்தபை நீட்டி நீட்டி, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திற்குத் தாமதமாக அனுப்பிய பாவமும் எங்களுடையதே.

"அங்கே நம் ஆசிரியர் இல்லையே" என்று கேட்கும் இளைஞர்களே! பத்ருப் போரில் பிடிபட்ட கைதிகளில் எழுதத் தெரிந்தவர்கள் பத்துப் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்றுக் கொடுத்தால் விடுதலை என்று நபி (ஸல்) அவர்கள் ஏற்பாடு செய்தார்கள். வாளெடுத்து வந்தவனிடமே நம் பிள்ளைகள் எழுத்துப் படித்தார்கள். எங்கள் ஊர் டீச்சர் சுண்ணாம்புக்கட்டியைத்தான் எடுத்துக்கொண்டு வருகிறார், அதுவும் இரண்டு பஸ் மாறி!

சட்டப்படி ஒவ்வொரு அரசுப் பள்ளிக்கும் ஒரு மேலாண்மைக் குழு உண்டு. நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். எங்கள் ஊர்க் குழுவில் இருக்கும் தாய்மார்கள் கூட்டத்திற்கு வந்தால் அன்றைய கூலி போய்விடுகிறது. எனவே வருவதில்லை, கேட்ட இடத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். அந்த ஒரு நாள் கூலியை ஜமாஅத் பைத்துல்மாலில் இருந்து கொடுப்பதென்று இப்போது முடிவாகியிருக்கிறது. மூன்று கடைக்காரர்கள் வரும் கல்வியாண்டில் தங்கள் கடைக்குட்டிகளை அங்கே சேர்ப்பதாக வாக்குத் தந்திருக்கிறார்கள். அறுபத்தொன்றாவது பிள்ளை சேர்ந்தால் மூன்றாவது டீச்சரைக் கேட்டு வாங்கலாம். ஏப்ரல், மே மாதங்களில் வீடு வீடாகப் போக இளைஞர்கள் பத்துப் பேர் வேண்டும். எங்கள் ஊர் இளைஞர்கள் மஃரிபுக்குப் பின் பள்ளிவாசல் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். மற்ற ஊர்க்காரர்கள் உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் எத்தனை பிள்ளைகள், எத்தனை ஆசிரியர்கள் என்று எண்ணி எங்களுக்கு எழுதுங்கள்.