பாய்லரை மாற்றும் முன் பரணைப் பாருங்கள்!

பிரிட்டனில் இருக்கும் பிள்ளைகள் நவம்பர், டிசம்பரில் போன் செய்தால் இரண்டு விஷயங்கள் தவறாமல் வரும். ஒன்று குளிர், இன்னொன்று கேஸ் பில். "பாய்லர் பழசாயிடுச்சு, மாத்தணும்மா" என்பார்கள். நம்மூரில் குளிக்க வெந்நீர் போடும் பாய்லர் இல்லை இது. கேஸில் தண்ணீரைச் சூடாக்கி, குழாய் வழியாக ஒவ்வோர் அறை ரேடியேட்டருக்கும் அனுப்பி, வீட்டையே கதகதப்பாக வைக்கும் இயந்திரம். மாற்றுவதென்றால் ஆயிரக்கணக்கான பவுண்டு செலவு.

அந்தச் செலவுக்கு முன், சூடு எங்கே போகிறது என்று பாருங்கள். வெப்பக்காப்பு இல்லாத வீட்டில் சுமார் கால் பங்கு சூடு கூரை வழியாகவும், மூன்றில் ஒரு பங்கு சுவர் வழியாகவும் வெளியேறிவிடும். ஓட்டைப் பானையில் ஊற்றுவதற்குப் புதுக் குடம் வாங்கி என்ன பயன்?

முதலில் பரண்: கூரைக்குக் கீழே விரித்திருக்கும் பஞ்சு 270 மில்லிமீட்டர் கனம் இருக்க வேண்டும். பழைய வீடுகள் பலவற்றில் 100 மில்லிமீட்டர்தான் இருக்கும். அதன் மேலேயே இன்னோர் அடுக்கு போடலாம்.

அடுத்து சுவர்: வெளிச்சுவரில் செங்கற்கள் எல்லாம் நீளவாட்டிலேயே தெரிந்தால், பெரும்பாலும் நடுவில் இடைவெளி உள்ள இரட்டைச் சுவர். அந்த இடைவெளியை நிரப்பலாம். நீளமும் குட்டையுமாக மாறி மாறித் தெரிந்தால் அநேகமாக ஒற்றைச் சுவர். அதற்குச் செலவு அதிகம்.

கதவு, ஜன்னல் இடுக்கு: இதை அடைக்கலாம். ஆனால், காற்றோட்டத் துளைகளை அடைக்காதீர்கள். சாம்பார் கொதிக்கும் ஆவி வெளியேற வழியில்லாவிட்டால் சுவரில் பூஞ்சை படரும்.

காசே செலவில்லாத வழி: வெந்நீர்த் தொட்டி இல்லாத 'காம்பி' பாய்லர் என்றால், ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரின் சூட்டை 60 டிகிரிக்குக் குறைத்துப் பாருங்கள். புகையோடு போகும் சூட்டையும் பிடித்துக்கொள்ளும் 'கண்டன்சிங்' பாய்லர் அப்போதுதான் முழுப் பலன் தரும். தொட்டி உள்ள வீடுகளில் இதைச் செய்ய வேண்டாம். தேங்கும் வெந்நீர் 60 டிகிரிக்குக் குறைந்தால் கிருமி வளரும் அபாயம் உண்டு.

இங்கிலாந்தில் 2005 முதல் பொருத்தப்பட்டவை பெரும்பாலும் கண்டன்சிங் வகைதான். அது நன்றாக ஓடினால் மாற்ற அவசரம் இல்லை. மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், வெப்பக்காப்பு செய்த வீட்டுக்குச் சிறிய பாய்லரே போதும். 'கேஸ் சேஃப்' பதிவு பெற்றவரிடம் மட்டுமே வேலையைக் கொடுங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பாய்லருக்குப் பதில் ஹீட் பம்ப் பொருத்தினால் 7,500 பவுண்டு அரசு மானியம் உண்டு. வெப்பக்காப்பு வேலைகளுக்கு 2027 மார்ச் வரை வாட் வரியும் இல்லை.

ஒன்றே ஒன்று. பில்லுக்குப் பயந்து ஹீட்டரை அணைத்துவிட்டு ஸ்வெட்டரோடு உட்கார வேண்டாம். வயதானவர்கள் இருக்கும் அறை 18 டிகிரிக்குக் கீழே போகக் கூடாது. ஊரிலிருந்து அம்மா, அப்பா வந்திருந்தால் இதில் மட்டும் சிக்கனம் வேண்டவே வேண்டாம்.