"டீச்சர், இது எவ்வளவு போகும்?" என்று கேட்பவர்களுக்கு



இந்த வருஷத்தில் மட்டும் நாலைந்து பேர் வாட்ஸ்அப்பில் எனக்கு ஒரே மாதிரி படம் அனுப்பிவிட்டீர்கள். பரணில் கிடைத்த பழைய ரெக்கார்டு, அதன் நடுவில் குழாய் முன்னால் உட்கார்ந்திருக்கும் நாய், கீழே ஒரு வரி: "டீச்சர், இது எவ்வளவு போகும்?" தனித்தனியாகப் பதில் எழுதி மாளவில்லை. எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன். நீளமாகத்தான் இருக்கும். என் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு அது பழக்கம்தானே.

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் அனுப்பியவற்றில் பெரும்பாலானவை அதிகம் போகாது. எச்.எம்.வி.யும் கொலம்பியாவும் அந்தக் காலத்தில் ஏராளமாகப் போட்டு விற்ற தட்டுகள் அவை. விலை போவது எதுவென்றால், எக்கோ கம்பெனி போட்ட இளையராஜா எல்.பி.கள் ஆயிரக்கணக்கில் போகின்றன. இன்னொரு வேடிக்கையும் உண்டு. மேல்நாடுகளில் 78 சுற்றுத் தட்டை நிறுத்திய பிறகும் நம் நாட்டில் கரண்ட் இல்லாத வீடுகளில் சாவி கொடுக்கும் கிராமபோன் ஓடிக்கொண்டிருந்தது. அதனால் கல்கத்தா டம்டம் தொழிற்சாலை 1960களிலும் 78 தட்டு போட்டது. பீட்டில்ஸ் பாட்டுகளும் அப்படி இங்கே வந்தன. இங்கிலாந்துக்காரர்களே இன்று அவற்றைத் தேடி அலைகிறார்கள். உங்கள் தாத்தா பீட்டில்ஸ் கேட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை, இருந்தாலும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

விலை பேச்சு இத்தோடு போதும். நான் சொல்ல வந்தது வேறு. அபூர்வத் தட்டை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டி, யாருக்கும் போட்டுக் காட்டாமல், விலை ஏறட்டும் என்று காத்திருப்பதைச் சேகரிப்பு என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதற்கு நகைக்கடைச் சீட்டு கட்டலாம்.

நம் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கத்தில் ரெக்கார்டு என்பது வீட்டுப் பொருளாகவே இருந்ததில்லை. டன்லப்பிலும் டி.ஐ. சைக்கிளிலும் டேங்க் ஃபேக்டரியிலும் வேலை பார்த்த குடும்பங்களில் எத்தனை பேர் வீட்டில் ரெக்கார்டு பிளேயர் இருந்தது? ஒரு தெருவுக்கு ஒன்று இருந்தால் பெரிசு. பாட்டு வந்தது மைக் செட்காரர் வழியாகத்தான். கல்யாண வீட்டில் முதல் நாள் சாயங்காலமே தென்னை மரத்தில் குழாயைக் கட்டிவிடுவார். பந்தல் ஓரத்தில் ஒரு பெஞ்சு, அதன் மேல் ஆம்ப்ளிஃபயர், பக்கத்தில் தகரப் பெட்டி நிறைய ரெக்கார்டு. விடியற்காலை நாலு மணிக்குச் சீர்காழி கோவிந்தராஜன் குரலில் பிள்ளையார் பாட்டோடு ஆரம்பிக்கும். ஆடி மாதம் கூழ் வார்த்தால் எல்.ஆர். ஈஸ்வரி. கட்சிக் கூட்டம் என்றால் நாகூர் ஹனிபா. மத்தியானம் பந்தி முடிந்து பெரியவர்கள் சாய்ந்த நேரத்தில் 'திருவிளையாடல்' வசனத் தட்டு ஓடும். 'வீரபாண்டிய கட்டபொம்மன்' வசனத்தை நம் ஊர்ப் பையன்கள் மனப்பாடம் செய்தது தியேட்டரில் இல்லை, இந்தக் குழாயில்தான். என் வகுப்பில் திருக்குறளில் தடுக்கி விழுந்தவன்கூட அந்த வசனத்தை மூச்சு விடாமல் சொல்வான்.

எங்கள் பக்கத்து மைக் செட்காரர் ஒருவரிடம் வேறு யாரிடமும் இல்லாத தட்டுகள் சில இருந்தன. அந்தப் பாட்டுக்காகவே அவரைக் கூப்பிடுவார்கள். போட்டிக்காரர் வந்து எட்டிப் பார்த்தால் உறையைத் திருப்பி வைத்துவிடுவார். இது நமக்கு மட்டும் உரிய குணம் என்று ரொம்ப நாள் நினைத்திருந்தேன். பிறகு இங்கிலாந்தின் வடக்குப் பகுதியைப் பற்றிப் படித்தபோது சிரிப்பு வந்தது. அங்கேயும் ஆலைத் தொழிலாளிகள்தான். அமெரிக்காவில் கறுப்பினப் பாடகர்கள் பாடி, விற்காமல் போன பழைய சோல் பாட்டுத் தட்டுகளைத் தேடிப் பிடித்து, ராத்திரி முழுக்கப் போட்டு ஆடினார்கள். 'நார்தர்ன் சோல்' என்று அதற்குப் பெயர். விகன் என்ற ஊரில் 1973 முதல் 1981 வரை விகன் கேசினோ என்ற மண்டபத்தில் இது நடந்தது. தட்டு போடுகிறவர் லேபிள் மேல் வெள்ளைத் தாளை ஒட்டி, பாடியவர் பெயரையே மாற்றிச் சொல்வாராம், அடுத்தவன் தேடிப் பிடித்துவிடக் கூடாதே என்று! ஃபிராங்க் வில்சன் 1965இல் பாடிய ஒரு தட்டு வெளிவருவதற்கு முன்பே அழிக்கப்பட்டு, ஒன்றிரண்டு பிரதிதான் தப்பியது. அதையும் வேறு ஒருவர் பெயரைச் சொல்லித்தான் அங்கே போட்டார்கள். 2009இல் அதன் ஒரு பிரதி 25,000 பவுண்டுக்கு மேல் ஏலம் போனது.

ஆனால் இதைக் கவனியுங்கள். அந்த மனிதரும் நம் மைக் செட்காரரும் பெயரைத்தான் மறைத்தார்கள், பாட்டை மறைக்கவில்லை. பாட்டை ஊருக்கே போட்டார்கள். கூட்டம் கூட்டமாக ஜனங்கள் ஆடியதால்தான் அந்தத் தட்டுக்கு மதிப்பே வந்தது. யாருமே கேட்காத தட்டு அபூர்வமாக இருந்து என்ன லாபம்?

"எல்லாம்தான் யூடியூப்பில் இருக்கிறதே, இந்தப் பழைய தட்டு எதற்கு?" என்று என் தம்பி மகன் கேட்டான். எல்லாம் இல்லையப்பா. புகழ்பெற்ற சினிமாப் பாட்டு இருக்கும். நாடக செட், நகைச்சுவைத் தட்டு, ஊர்ப்பக்கத்துக் கும்மி, தேர்தல் பிரசாரப் பாட்டு இதிலெல்லாம் எத்தனையோ இல்லை. எஸ்.ஜி. கிட்டப்பாவை எடுத்துக்கொள். 1933 டிசம்பரில் காலமானபோது அவருக்கு 27 வயது. சினிமாவில் நடித்ததே இல்லை. இன்று அவர் குரல் நமக்குக் கேட்கிறது என்றால் கிராமபோன் தட்டு ஒன்றுதான் காரணம். அந்தத் தட்டுகளையும் யாரோ எடைக்குப் போட்டிருந்தால் கிட்டப்பா பாட்டிகள் வாயில் ஒரு பெயராக இருந்து மறைந்திருப்பார். தமிழின் முதல் பேசும்படம் 'காளிதாஸ்' 1931இல் வந்தது, அதற்குப் பிரதியே கிடையாது. தொலைந்து போன பழைய படங்கள் பலவற்றுக்குப் பாட்டுப் புத்தகமும் ஒன்றிரண்டு தட்டும்தான் மிச்சம்.

தொலைவது நம் கண்ணெதிரிலேயே நடந்தது. ஆவடியிலிருந்தும் அம்பத்தூரிலிருந்தும் தினமும் லோக்கல் ரயிலில் சென்ட்ரல் போகிறவர்களே, நீங்கள் இறங்கும் ஸ்டேஷனுக்கு ஏன் மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ் என்று பெயர் என்று யோசித்ததுண்டா? பழைய புத்தகமும் பழைய ரெக்கார்டும் குவிந்து கிடந்த சந்தை அங்கேதான் இருந்தது. என் அப்பா சம்பளம் வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே போய் ஒரு தட்டு வாங்கினால், அன்று எங்களுக்குத் தீபாவளி. 1985 மே 30 அன்று எரிந்து போனது. கடைக்காரர்கள் அல்லிக்குளம் பக்கம் போனார்கள். எரிந்த சரக்கில் என்னென்ன இருந்தது என்று ஒரு பட்டியலும் இல்லை.

அதனால்தான் பகிர்ந்துகொள்பவர்களை நான் பெரிதாக மதிக்கிறேன். சென்னையில் வி.ஏ.கே. ரங்காராவ் பல்லாயிரம் தட்டு சேர்த்தார், லிம்கா சாதனைப் புத்தகத்தில்கூட இடம்பெற்றார். எனக்கு அது பெரிசில்லை. அந்தப் பாட்டுகளைப் பற்றி ஊருக்கு எழுதிக்கொண்டே இருந்தாரே, அதுதான் பெரிசு. மும்பையில் இந்திய இசைத்தட்டுச் சேகரிப்பாளர் சங்கத்தைச் சேர்ந்தவர்கள் பிரிட்டிஷ் லைப்ரரி உதவியோடு பழைய ஓடியன் தட்டுகளை டிஜிட்டலாக்கியிருக்கிறார்கள்.

பாரதியார் கதை உங்களில் பலருக்கு நான் வகுப்பிலேயே சொன்னதுதான். அவர் பாடல்களை ரெக்கார்டில் பதியும் உரிமை ஒரு காலத்தில் ஏ.வி.எம். மெய்யப்பச் செட்டியார் கையில் இருந்தது. 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாட்டைச் சேர்த்ததற்காக டி.கே.எஸ். சகோதரர்கள் மீது வழக்கே நடந்தது. பிறகு 1949இல் செட்டியார் அந்த உரிமையைக் காசு வாங்காமல் அரசாங்கத்துக்குக் கொடுத்துவிட்டார். நம் பள்ளி ஆண்டு விழாவில் யாரையும் கேட்காமல் பாரதி பாட்டுப் பாடினோமே, அது அப்படி வந்த சுதந்திரம்.

"பதிவேற்றினால் சட்டம் பிடிக்காதா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நம் நாட்டில் ஒலிப்பதிவுக்குக் காப்புரிமை, வெளிவந்த ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டு. 1960இல் வந்த தட்டுக்கு 2020 முடிவோடு தீர்ந்தது. பாட்டு வரிக்கும் மெட்டுக்கும் கணக்கு வேறு, அதைப் படைத்தவர் காலமானதிலிருந்து 60 ஆண்டு பார்க்க வேண்டும். குழப்பமாக இருந்தால் பதிவேற்ற வேண்டாம், டிஜிட்டலாக மாற்றி ஒரு நூலகத்துக்குக் கொடுங்கள். தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. பழைய கடைக்காரருக்கு முன்னால் அவர்களை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

தட்டைத் தொடும் முன் ஒன்றிரண்டு விஷயம். 78 தட்டு அரக்கில் செய்தது, ஸ்பிரிட் ஊற்றித் துடைத்தால் கரைந்துவிடும். எல்.பி. ஊசியை 78 தட்டில் வைக்காதீர்கள், அதன் பள்ளம் அகலம், வேறு ஊசி வேண்டும். அதைவிட முக்கியம், தாத்தாவின் சாவி கிராமபோனில் எல்.பி.யைப் போடவே கூடாது, அந்தக் கனத்த கை ஒரே தடவையில் உழுதுவிடும். ஒன்றின் மேல் ஒன்றாகப் படுக்க வைக்காமல் புத்தகம் மாதிரி நிறுத்தி வையுங்கள். பரணில் வேண்டாம், நம் ஊர் வெயிலுக்கு வளைந்துவிடும்.

இனிமேல் படம் அனுப்புகிறவர்கள் இரண்டு பக்க லேபிளையும் எடுத்து, நம்பர் தெரிகிற மாதிரி, இங்கேயே கமெண்டில் போடுங்கள். தெரிந்ததைச் சொல்கிறேன், தெரியாததைத் தெரிந்தவர்களிடம் கேட்கிறேன். அப்படியே இன்னொரு வேலை. உங்கள் தெருவில் அந்தக் காலத்து மைக் செட்காரர் யாராவது இன்னும் இருந்தால், ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் அவர் பெட்டியில் என்னென்ன இருந்தது என்று பேசவிட்டு, போனில் பதிவு செய்து வாருங்கள். பட்டாபிராம், திருமுல்லைவாயில் பக்கத்துப் பிள்ளைகள் முதலில் கிளம்பலாம். அந்தப் பக்கத்தில் இரண்டு பேர் இருப்பதாகக் கேள்வி, இருவருக்கும் எழுபத்தைந்து தாண்டிவிட்டது.